சத்தம் இல்லாத படங்கள்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இஸ்திரி அறை வெக்கையில் கொஞ்சம் கறுத்திருக்கிறேன், அவ்வளவுதான். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி சௌக்கியமா? என் வாலு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இல்லை இன்னும் சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறாளா?

நீ அனுப்பிய மெமரி கார்டு போன படகில் வந்தது. இந்தத் தீவு விடுதியில் சிக்னல் கிடையாது என்று தெரிந்துதான் வேலைக்கு வந்தேன். வாரம் ஒரு படகு, அதில் தபால். ஆபீஸ் போன் உயிர் போகிற காரியத்துக்கு மட்டும்தான். அதனால் நீ அனுப்பும் கார்டை என் போனில் போட்டுப் பார்ப்பதுதான் எனக்குப் பிள்ளையைப் பார்ப்பது.

பார்த்தேன். பார்த்தேன் என்றா சொல்வது? பாதி நேரம் உன் கட்டைவிரல். மீதி நேரம் தரை, கூரை, தரை. எனக்குத் தலை சுற்றிவிட்டது. அவள் "அம்மா எப்போ வரும்?" என்று கேட்கிறாள், அந்த நேரத்தில் நீ காட்டுவது சுவர்க் கடிகாரத்தை!

வேடிக்கையாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. தகப்பன் இல்லாத நான்கு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒப்பந்தம் முடிய இரண்டு வருஷம். திரும்பி வந்து சொந்தமாகச் சலவைக் கடை வைப்பது இருக்கட்டும், வாசலில் நிற்கும்போது அவளுக்கு நான் யாரோ ஆகிவிடக் கூடாது. எனக்கு அந்த ஒரு பயம்தான். ஆடாமல் படம் எடுக்க ஏதாவது வழி பண்ணு.

அக்கா

*

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். என் முதுகு என்னைவிட நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

கட்டைவிரல் விஷயத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடையில் கேமரா ஸ்டாண்ட் விலை கேட்டேன். அந்த விலைக்கு நான் ஒரு வீட்டுக்கே குழாய் போட்டுக் கொடுப்பேன். வெளியே வந்து பார்த்தால் என் வண்டி நிறைய பைப். குழாய்க்காரன் ஸ்டாண்டுக்கு அலைவானேன்?

மூன்று கால், நடுவில் மூன்று பக்கம் பிரியும் இணைப்பு, மேலே ஒரு நீளத் துண்டு. போனைப் பிடிக்க, சுவரில் பைப்பை இறுக்கும் கிளிப் இரண்டு. கண்ணாடி கீறாமல் இருக்க உள்ளே சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டினேன். முதல் நாள் மூக்கு குப்புற விழுந்தது. பிறகு கால்களுக்குள் மணலைக் கொட்டி மூடி போட்டேன். இப்போது நான் தடுக்கி விழுந்தாலும் அது விழாது.

உன் தம்பிப் பொண்டாட்டி என்ன சொல்கிறாள் தெரியுமா? "சமையக்கட்டுக் குழாய் ஒழுகி ஒரு மாசம் ஆச்சு. அதுக்கு ஆள் வரலை. ஸ்டாண்டு செய்ய மட்டும் ஆள் வந்துடுச்சு." மருந்துக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் நோயைக் கேட்டுவிட்டு வருபவள், வீட்டில் என்னை இப்படிப் பேசித் தீர்த்துக்கொள்கிறாள்.

கார்டு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்.

தம்பி

*

ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

முகத்தைப் பார்த்துவிட்டேன்! முழு முகம், ஆடாமல், அசையாமல். இடது புருவத்தில் ஒரு கீறல் இருக்கிறதே, எங்கே விழுந்தாள்? எழுதவே இல்லையே நீ. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "சாட்டை போட்டும் சுற்றாத பம்பரம்" என்று ஒருத்தி சொன்னாள். நான்தான் இவளை வாலு வாலு என்று சொல்லி வைத்திருந்தேனே, இவளோ சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

ஸ்டாண்டுக்கு முன்னால் உட்காரவைத்தால் அப்படித்தான் இருப்பாள். போன மாதம் பள்ளியில் சேர்த்தீர்களே, அங்கே நடந்து போவதைக் காட்டேன். அவள் ஓட வேண்டும், நீ பின்னாலேயே ஓட வேண்டும், படம் மட்டும் ஆடக் கூடாது. முடியுமா?

பேசச் சொல். குரல் மாறியிருக்கிறது. வார்த்தை திருந்தி வருகிறது.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். புருவக் கீறல், கட்டில் விளிம்பு. ஆறிவிட்டது, கவலைப்படாதே.

நீ கேட்டாய், நான் செய்துவிட்டேன். ஒரு பைப். அதன் தலையில் போன். அடியில் கனத்துக்கு ஒரு பழைய பித்தளை வால்வு. நடுவில் சரியாக எடை நிற்கும் இடத்தில் கைப்பிடி, அதில் ஒரு பேரிங். நான் குதித்தாலும் மேலே இருக்கும் போன் குதிக்காது. தெருவே என்னை வேடிக்கை பார்த்தது. காலையில் வால்வைத் தூக்கிக்கொண்டு ஒரு பிள்ளைக்குப் பின்னால் ஓடுகிறவனை வேறென்ன செய்வார்கள்? "எங்கே சார் லீக்கு?" என்றார் பேப்பர்காரர்.

படத்தில் பள்ளி வாசல் வரை எல்லாம் இருக்கிறது. பை அவளைவிடப் பெரியது.

ஒரே ஒரு குறை. ஒரு வீட்டு மாடித் தொட்டிக்குள் குனிந்தபோது போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அரிசிக்குள் புதைத்துக் காப்பாற்றினேன். படம் எடுக்கிறது. ஆனால் மைக் போய்விட்டது. சத்தம் இருக்காது. வேலைக்கு வேறு ஒரு பட்டன் போன் வைத்துக்கொண்டேன்.

வால்வின் எடையை இன்னும் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன். அதைப்பற்றி விரிவாக எழுதுகிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நலம். மனசும் நலம் என்றே வைத்துக்கொள். நீ அந்தத் தொட்டிக்குள் விழாமல் போன் விழுந்ததே, அதுவரைக்கும் நிம்மதி.

அவள் ஓடுவதைப் பார்த்தேன். நானே பின்னால் ஓடுவது மாதிரி இருந்தது. உன் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும்.

ஆனால் வாசலில் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாளே, என்ன சொன்னாள்? கேட்கவில்லையே. காதில் மாட்டும் ஒயரில் சின்ன மைக் இருக்கும், அதைச் செருகினால் சத்தம் வரும் என்று இங்கே விடுதி எலக்ட்ரீஷியன் சொல்கிறார். காற்று இரைச்சல் வராமல் இருக்க மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சு போதுமாம். செலவே இல்லை. அடுத்த கார்டில் எனக்குச் சத்தம் வேண்டும்.

அக்கா

*

அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உனக்கு இருமல் என்று உன் விடுதியிலிருந்து படகில் வந்தவர் சொன்னாரே, மருந்து எடுத்தாயா?

மைக் செருகிப் பார்த்தேன். செருகும் ஓட்டைக்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது போல. கரகரவென்று ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. அதை விடு. நான் செய்திருக்கும் புது வண்டியைக் கேள். இரண்டு நீள பைப்பைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் தண்டவாளம். உடைந்த சூட்கேஸ் சக்கரங்களை இரும்புப் பட்டையில் சாய்வாக மாட்டி ஒரு பலகைக்கு அடியில் முடுக்கினால் ரயில். பலகை மேல் ஸ்டாண்ட். ஒரு விரலால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி போகிறது. ஜன்னலுக்கு எதிரே வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினேன், முகத்தில் நிழலே விழவில்லை. பைப் இணைப்பில் மட்டும் ஒரு சின்னத் துள்ளல் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதையும் சரி பண்ணினேன்.

காலையில் தலைவாரி, பை மாட்டி, கிளம்புவது வரை ஒரே ஓட்டமாக எடுத்திருக்கிறேன். விளக்கு விஷயத்தில் ஒரு யோசனை இருக்கிறது, அடுத்த தடவை எழுதுகிறேன்.

தம்பி

*

நவம்பர் 1

தம்பிக்கு,

நலம். இருமல் போய்விட்டது.

படம் பார்த்தேன். வண்டி நன்றாக ஓடுகிறது. ஒரு துள்ளல்கூட இல்லை. வெளிச்சமும் நன்றாக இருக்கிறது. அவள் வாய் அசைவதுகூடத் தெளிவாகத் தெரிகிறது.

இங்கே வேலை அதிகம். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

அக்கா

*

டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? ஏழு படகு வந்து போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நவம்பரில் அனுப்பிய கார்டு கிடைக்கவில்லையா? உடம்பு சரியில்லையா? ஆபீஸ் போனுக்கு அடித்தேன். "உயிரோடதான் இருக்காங்க, வேலையில இருக்காங்க"ன்னு சொல்லி வைத்துவிட்டார்கள்.

என்மேல் கோபமா? விளக்குக்கு எண்ணெய் டப்பா வெட்டி ஒரு கூடு செய்தேன். அதைப்பற்றி எழுத ஆரம்பித்தேன். எழுத வரவில்லை.

தம்பி

*

ஜனவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நாங்கள் நலம், வாலு நலம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அவர் போன் எந்தத் தொட்டியிலும் விழவில்லை. மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு கார்டு அனுப்பும் முன்னும் செல்போன் கடையில் கொடுத்துச் சத்தத்தை எடுத்துவிடச் சொல்கிறார். ஏன் என்று நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரால் முடியாது. பைப்பைப் பற்றி நாலு பக்கம் எழுதுவார், இதை எழுத அவருக்குக் கை வராது.

வாலு என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள், அண்ணி.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளி விடும் நேரத்தில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக "உங்க அம்மா வந்துட்டாங்க, போ"ன்னு அனுப்புவார். நான் போய் நிற்பேன். என்னைக் காட்டியும் அதையே சொன்னார். மறுநாள் அவள் அப்படியே கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "நான் அத்தைடி கண்ணு"ன்னு சொன்னேன். "சரி அம்மா" என்றாள். எத்தனையோ தடவை திருத்தினேன். ஒரு தடவை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் திருத்த மனசு வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. போன வாரம் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது வாலு கேட்டாள், "இந்தப் படம் யாருக்கு?" "உன்னைப் பெத்த அம்மாவுக்கு, கடல் தாண்டி இருக்காங்களே, அவங்களுக்கு"ன்னேன். "அவங்க எப்படி இருப்பாங்க?" என்றாள். உங்கள் கல்யாணப் படத்தைத்தான் தினமும் காட்டுகிறேன். அலங்காரம் செய்து, தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அது அவளுக்கு யாரோ ஒரு பொம்மை மாதிரி இருக்கிறது.

இந்த வீட்டில் ஸ்டாண்ட், வண்டி, வால்வு, விளக்கு எல்லாம் இருக்கிறது. எல்லாம் அவள் பக்கமே திரும்பி இருக்கிறது. உங்களை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று நம் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லையே அண்ணி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

*

ஜனவரி 29

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன் என்று இந்தத் தடவை உண்மையாகவே எழுதலாம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

எனக்கு அக்டோபர் கார்டிலேயே தெரிந்துவிட்டது. நீ தலைவாரி முடித்ததும் அவள் திரும்பி உன் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள். உதடு ஒட்டிப் பிரிகிறது. அத்தை என்று சொல்ல உதடு ஒட்டாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று நானே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆடுகிற படமாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது. என் தம்பி பாடுபட்டு ஆட்டத்தை நிறுத்திவிட்டானே.

உன்மேல் கோபம் வந்தது. வயிறு எரிந்தது. அதனால்தான் அந்த நாலு வரிக்குப் பிறகு பேனாவையே தொடவில்லை. ஏதாவது எழுதினால் உன்னைக் கடித்துக் குதறியிருப்பேன். என் பிள்ளைக்குத் தலைவாரி விடுகிறவளை, அவள் காய்ச்சலுக்குக் கண்விழிக்கிறவளை, நான் எதைச் சொல்லித் திட்டுவது? கோபம் மெல்ல ஆறியது. ஆனால் அழுகை அடங்க நாளாயிற்று.

அவளை இனித் திருத்தாதே. வாய் நிறையக் கூப்பிடட்டும். உனக்கு அந்தச் சந்தோஷம் வந்ததற்காக நீ யாரிடமும் தலைகுனிய வேண்டாம், முக்கியமாக என்னிடம்.

ஆனால் "அவங்க எப்படி இருப்பாங்க" என்று கேட்டாளே, அதற்குப் பதில் என்னிடம்தான் இருக்கிறது. வியர்வை வழிகிற இந்த மூஞ்சியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நாளும் நான் கேமராவை என் பக்கம் திருப்பியதில்லை. நான் அவளைப் பார்த்தால் போதும், அவள் என்னை மறக்க மாட்டாள் என்று நினைத்திருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

துணி மாட்டும் கம்பி ஹேங்கர் மூன்றை வளைத்து ஒரு தொட்டில் செய்தேன். அதில் போனை உட்காரவைத்து, துணி தொங்கும் உயரக் கம்பியில் மாட்டினேன். கொஞ்சம் ஊஞ்சலாடுகிறது. அடியில் ஒரு சோப்புக் கட்டியைக் கட்டித் தொங்கவிட்டதும் அடங்கியது. வெள்ளை விரிப்புக்கு இங்கே பஞ்சமா? நாலு பக்கமும் தொங்குகிறது. நீராவிதான் சனியன், கண்ணாடியில் படிந்துகொண்டே இருக்கிறது.

கார்டு இத்துடன். அவளிடம் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். என்னை இப்படிக் கூப்பிடு என்று ஒரு வார்த்தை வேண்டாம். அந்தக் குழாய்க்காரனிடம் சொல், போனைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடலாம் என்று.

அண்ணி

*

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ என்னை நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால் இன்னும் நலமாக இருந்திருப்பேன். திட்டாமல் விட்டதுதான் உறைக்கிறது. உனக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்தேன். அதை மறைக்க நான் போட்ட பைப்பை எல்லாம் நீட்டினால் உன் தீவுக்கே எட்டும்.

உன் கார்டை ஞாயிற்றுக்கிழமை போட்டோம். வாலு என் மடியில். நீ சிரித்துக்கொண்டே பெரிய விரிப்பை உதறி மடிக்க ஆரம்பித்தாய். அவள் "இவங்களுக்கு வேர்க்குது" என்றாள், அவ்வளவுதான். அப்போது நீராவி வந்து படம் மங்கியது. உன் முகம் மறைந்துபோனது. அவள் மடியிலிருந்து இறங்கி, கவுன் நுனியைப் பிடித்து, போன் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். அதே நேரத்தில் அங்கே உன் கட்டைவிரலும் வந்து துடைத்தது. பளிச்சென்று உன் முகம் வந்தது, நேராக அவளைப் பார்த்து.

"நான் தொடச்சு விட்டேன்! அவங்க என்னைப் பாத்துட்டாங்க!" என்று கத்தினாள். உன் தம்பிப் பொண்டாட்டி சமையல்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கே உன்னிடம் பேச வேண்டும் என்று அடம். ஸ்டாண்ட் வேண்டாமாம். வண்டி வேண்டாமாம். போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, எங்களைப் படுக்கையறையை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். என்ன சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்காமல் அப்படியே அனுப்புகிறேன். சத்தியமாகச் சத்தம் இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 14

அன்புத் தம்பிக்கும் தங்கைக்கும்,

நலம், நலம், நலம். நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

படம் என்று ஒன்று அதில் இல்லை. கட்டிலுக்கு அடியில் தரை, ஒரு செருப்பு, பாதிக் கன்னம், கூரை, மறுபடியும் செருப்பு. தம்பி, உன்னையே தோற்கடித்துவிட்டாள். வேலைக்கு நடுவில் மேசை மேல் போனைச் சாய்த்துவைத்துக் கேட்டேன். பள்ளியில் யாரோ அவள் பென்சிலைக் கடித்துவிட்டார்களாம். மாமாவுக்கு ரயில் விடத் தெரியுமாம், குழாய் சரி பண்ணத் தெரியாதாம். என் விரிப்பு மாதிரியே அவளும் கைக்குட்டை மடிப்பாளாம்.

எப்படிக் கூப்பிட்டாள் என்று நீங்கள் இருவரும் கேட்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். நானே சொல்கிறேன். முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது. பிறகு வாயைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "இஸ்திரி அம்மா, நான் பேசறது கேக்குதா?" என்றாள்.

கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டேன். ஒரு தலையணை உறை கருகிப்போயிற்று. மேற்பார்வையாளர் ஓடிவந்து கத்துகிறார், நான் அழுதுகொண்டே சிரிக்கிறேன். "என்னம்மா ஆச்சு உங்களுக்கு?" என்கிறார். போனை அவர் காதில் வைத்து மறுபடியும் போட்டுக் காட்டினேன்.

இப்போதைக்கு எனக்கு இந்தப் பேர் போதும். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேலே இருக்கிறது. வாசலில் வந்து நிற்கும்போதும் அவள் இப்படியே கூப்பிடட்டும், நான் திரும்பிப் பார்ப்பேன்.

இஸ்திரி அம்மா